வண்டியில் ஆறாவது ஆள்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் ஒரு பாதாளக் குகைக்குள் நின்றுகொண்டிருந்தேன். கூட ஐந்து பேர். எதிரே ஒரு இரும்புக் கதவு. கதவுக்குப் பின்னால் ஏதோ உறுமுகிறது. பூட்டைத் திறக்கத் தெரிந்தவனை முன்னால் விடலாமா, கவசம் போட்டவனை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அந்த ஆறு பேரையும் ஒரு ஓரமா உக்கார வச்சிட்டு இங்கன வாரியளா? நாளைக்குக் கல்லிடைக்குறிச்சிக்கு யார் யாரு போறதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

என் மனைவி கோமதி. குகை, லேப்டாப்பில். எனக்கு வயது அறுபத்தொன்று. சிரிக்காதீர்கள்.

இது இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் கேம். என் மகன் விக்னேஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவனுக்காக வாங்கியது. அவன் ஒரு வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டான். நான் இன்னும் விடவில்லை. இப்போது அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது, "இதையாவது விளையாடுங்கப்பா, நாள் பூரா என்னைய போன்ல கூப்பிடாம இருப்பிய" என்று அதே கேமைத் தேடிப் பிடித்து லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

புதுக் கேம்களையும் காட்டத்தான் செய்தான். படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் ஒரே ஒரு ஆள்! அவனே ஓடுகிறான், அவனே சுடுகிறான், அவனே மலையேறுகிறான், அடிபட்டால் அவனே மருந்து போட்டுக்கொள்கிறான். இன்னொரு மனிதனின் தயவே அவனுக்கு வேண்டாம். பத்து நிமிஷத்தில் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

பழைய கேமில் அந்தக் கதையெல்லாம் நடக்காது. ஆறு பேர் சேர்ந்து போக வேண்டும். ஆறு பேரிடமும் ஆளுக்கொரு குறை. கவசக்காரன் எத்தனை அடி வேண்டுமானாலும் வாங்குவான்... எழுதப் படிக்கத் தெரியாது. மந்திரக்காரன் ஒரே மந்திரத்தில் ஒரு தெருவையே கொளுத்துவான். அப்புறம் எட்டு மணி நேரம் தூங்கியாக வேண்டும். வைத்தியம் பார்க்கும் சாமியாருக்கும் பூட்டுத் திறப்பவனுக்கும் ஆகாது. வழியெல்லாம் முணுமுணுப்பு. தலைவன் கண்டுகொள்ளாமல் விட்டால் இரண்டு பேரில் ஒருத்தன் ஒருநாள் "நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு, நாம் தேடிப்பிடித்துக் கொடுத்த வாளோடு கிளம்பிப் போய்விடுவான்.

இதிலெல்லாம் என்ன சுகம் என்கிறீர்களா? சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஸ்பேஸ்பாரை ஒரு தட்டுத் தட்டினால் உலகமே அப்படியே நின்றுவிடும். ஓங்கிய கத்தி ஓங்கியபடி நிற்கும். நாம் சாவகாசமாக ஒவ்வொருவருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கலாம். முப்பத்து நான்கு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு தடவை நான் ஒரு தப்புச் செய்தேன். குழுவில் ஒரு பாட்டுக்காரன் இருந்தான். சண்டை போடத் தெரியாது. நேரம் காலம் இல்லாமல் பாடுவான். நல்ல வில்லாளி ஒருத்தன் கிடைத்ததும், பாட்டுக்காரனைச் சத்திரத்தில் விட்டுவிட்டு வில்லாளியைச் சேர்த்துக்கொண்டேன். நாற்பது மணி நேரம் ஆடிய பிறகு ஒரு கல் கதவு வந்தது. பாட்டுக்குத்தான் திறக்குமாம்! அவ்வளவு தூரமும் திரும்பி நடந்தேன். அவன் அதே சத்திரத்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "இப்பதான் ஞாபகம் வந்ததா?" என்று ஒரே ஒரு வரி. அப்புறம் எழுந்து கூட வந்துவிட்டான்.

கேமில் படித்ததை வாழ்க்கைக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. செவ்வாய்க்கிழமையும் பயன்படுத்தினேன். என்ன, பாதியை மட்டும் பயன்படுத்தினேன்.

விஷயம் இதுதான். இரண்டு வருடமாக எந்தப் பெண்ணின் போட்டோவைக் காட்டினாலும் "பாக்கலாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்த விக்னேஷ், கல்லிடைக்குறிச்சிப் பெண் கார்த்திகாவோடு பெங்களூரில் இரண்டு தடவை பேசிவிட்டு, "சரிப்பா" என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு 'சரிப்பா'வுக்காக நானும் கோமதியும் போகாத கோயில் இல்லை. பெரியவர்கள் நேரில் போய்ப் பேசி முடிப்பதுதான் பாக்கி. புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.

என் வண்டியில் ஐந்து பேர்தான் போகலாம். பேப்பரை எடுத்துக் குழு அமைத்தேன். தலைவன் நான். கோமதி இல்லாமல் முடியாது. என் அக்கா... எந்த வீட்டுக்குப் போனாலும் ஐந்தாவது நிமிஷத்தில் அடுக்களைக்குள் போய் அந்த வீட்டின் மூன்று தலைமுறைச் சேதியோடு வெளியே வருவாள். உளவுக்கு ஆள் ஆயிற்று. அக்கா வீட்டுக்காரர், ஆறடி. யார் என்ன கேட்டாலும் "ம்" என்பார். முன்வரிசைக்கு அவர். பேச்சுவார்த்தைக்கு என் கூட வேலை பார்த்த ஜோசப் சார். பாளையங்கோட்டையில் அவர் பேச்சுக்கு மயங்காத ஆள் கிடையாது.

கோமதி பேப்பரை வாங்கிப் பார்த்தாள்.

"சங்கரன எங்க? தாய்மாமன்லா?"

சங்கரன் அவளுடைய தம்பி. டவுண் ரதவீதியில் காப்பித்தூள் கடை. தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை. காப்பி விஷயத்தில் பொய் சொல்ல வராது. எந்த வீட்டில் காப்பி கொடுத்தாலும் குடித்து முடித்ததும் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"தூத்துக்குடி மறந்துட்டா?" என்றேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் விக்னேஷுக்குத் தூத்துக்குடியில் ஒரு பெண் பார்க்கப் போனோம். எல்லாம் கூடி வந்தது. பெண் கையால் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்த சங்கரன், "இதுக்கு வெந்நியே குடுத்திருக்கலாம்" என்றார். மறுநாள் அவர்களுக்கு ஜாதகம் பொருந்தாமல் போய்விட்டது.

"பேசி முடிச்சிட்டு, நிச்சயத்துக்குக் கூப்பிடுவோம்" என்றேன். சங்கரனுக்குப் போன் போட்டு, "வண்டியில இடமில்ல சங்கரா" என்று சொல்லிவிட்டேன். அவர், "சரி அத்தான்" என்றார்.

புதன்கிழமை ஒன்பதரைக்குக் கல்லிடைக்குறிச்சி போய்ச் சேர்ந்தோம். பெண்ணின் அப்பா தெய்வநாயகம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். உட்கார்ந்தோம். தண்ணீர் வந்தது, மிக்சர் வந்தது, காப்பி மட்டும் வரவில்லை. தெய்வநாயகம் வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"பையனோட தாய்மாமா வரலியா?"

"அவனுக்குக் கொஞ்சம் மேலுக்குச் சொகமில்ல..." என்றேன்.

"அப்படியா?" அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "காலையிலதான் பேசுனேன். மொறையா நாம ஒரு வார்த்த கூப்பிடணும்லா? நீங்க குடுத்த ஜாதகத்துலயே தாய்மாமன் பேரும் நம்பரும் இருந்துது. நல்லாத்தான் இருக்கேன், வண்டியில இடமில்லன்னு சொல்லிட்டாவன்னாரு."

ஸ்பேஸ்பார் எங்கே என்று என் கை தேடியது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். பேச்சுவார்த்தைக்குக் கூட்டிவந்த ஜோசப் சார், வாயைத் திறந்து இன்னொரு தம்ளர் தண்ணீர் கேட்டார். அக்கா ஏற்கெனவே அடுக்களையில். அவள் வீட்டுக்காரர் மிக்சரை முடித்துவிட்டு, "ம்" என்றார்.

"தப்பா எடுத்துக்கிடாதிய அண்ணாச்சி" என்றார் தெய்வநாயகம். "எங்க வீட்டுல தாய்மாமன் இல்லாம பேச்செடுக்கிற பழக்கமில்ல. அவுக வரட்டும், பேசுவோம். இன்னைக்கு இல்லன்னா இன்னொரு நாளு."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கோமதி என்னைப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. மகனின் 'சரிப்பா' என் கண்முன்னால் கை நழுவிக்கொண்டிருந்தது. நான்கு பேரையும் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

டவுணுக்கு வந்து சேரும்போது மணி பத்தே முக்கால். கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு அம்மாள் அரைக் கிலோ வாங்கிக்கொண்டிருந்தார். சங்கரன் என்னைப் பார்த்தார். அந்த அம்மாளுக்குப் பொட்டலம் கட்டி, நூல் சுற்றி, பாக்கிச் சில்லறை கொடுத்து முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"வாங்க அண்ணாச்சி. எவ்வளவு வேணும்? கால் கிலோவா, அரைக் கிலோவா?"

அண்ணாச்சி! அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வாய். யாரோ ரோட்டில் போகிறவனாக ஆக்கிவிட்டார். நாலு வசவு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"சங்கரா, ஒடனே கெளம்பு. ஒன்னயத்தான் கேக்காவ."

"வண்டியில எடம் இருக்கா?"

சுற்றி வளைக்க நேரமில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். "எடமெல்லாம் இல்லாம இல்ல. நீ காப்பியப் பத்தி ஏதாவது சொல்லிருவியோன்னு பயந்துதான் விட்டுட்டுப் போனேன். என் தப்புதான்."

சங்கரன் மெஷினை நிறுத்தினார். திடீரென்று கடை அமைதியாகிவிட்டது.

"அத நேத்தே சொல்லிருக்கலாம்லா? வாய மூடிட்டு இருலேன்னா இருந்துட்டுப் போறேன். எடமில்லன்னா சொல்லுவிய?" கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினார். "திருச்செந்தூர்ல அவனுக்கு மொத மொட்ட எடுக்கையில யார் மடியில உக்காந்தான்? காது குத்துகையில அழுது, யார் சட்டையக் கிழிச்சான்? அந்தச் சட்ட இன்னும் வீட்டுல கெடக்கு அத்தான். எனக்கா எடமில்ல?"

ஒரு மனிதரை அவருடைய ஒரு குறையோடு மட்டும் கணக்கில் வைத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சங்கரன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகு காலம் வந்துரும். சட்டைய மாத்திட்டு வந்துருதேன், வண்டியத் திருப்பி நிறுத்துங்க அத்தான்."

வழியெல்லாம் வண்டியை விரட்டினேன்.

பதினொன்று ஐம்பதுக்குக் கல்லிடைக்குறிச்சி. தெய்வநாயகம் எழுந்து வந்து சங்கரன் கையைப் பிடித்து நடு நாற்காலியில் உட்கார வைத்தார். உள்ளே குரல் கொடுத்தார். காப்பி வந்தது. கார்த்திகாவின் அம்மா முதல் தம்ளரைச் சங்கரனிடம்தான் கொடுத்தார்.

நான் என் தம்ளரில் ஒரு வாய் குடித்தேன். அடிப்பிடித்த பால். சிக்கரி வேறு அள்ளிப் போட்டிருக்கிறார்கள். எனக்கே தெரிகிறது என்றால் சங்கரனுக்கு? கோமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

சங்கரன் நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"எப்படி இருக்கு? நீங்க தொழில்காரரு, மறைக்காமச் சொல்லணும்" என்றார் தெய்வநாயகம்.

சங்கரன் தம்ளரைக் கீழே வைத்தார். ஒரு வினாடி என்னைப் பார்த்தார்.

"கள்ளிச்சொட்டு மாதிரி நல்லா திக்கா, மணமா இருக்கு அண்ணாச்சி."

"அப்படியா! ஏட்டி, மாமாவுக்கு இன்னொரு தம்ளர் கொண்டா!"

அதையும் குடித்தார். முகம் கோணாமல் குடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பி சூடு என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது, "அப்ப நல்ல நாள் பாத்துருவோமா?" என்றார் தெய்வநாயகம்.

கேமில் நான் எத்தனையோ குழு அமைத்திருக்கிறேன். யார் பலசாலி, யார் சாமர்த்தியசாலி என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்திருக்கிறேன். நமக்காகத் தன் சுபாவத்தையே ஒருநாள் தள்ளி வைக்கிறவன் யார் என்று பார்த்துச் சேர்க்க எந்தக் கேமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சங்கரன் கடைதான் சொல்லித்தந்தது. அதுவும் ராகு காலத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால்.

திரும்பும்போது வண்டியில் ஆறு பேர். முன் சீட்டில் சங்கரன். பின்னால் நான்கு பேர், அதில் அக்கா வீட்டுக்காரர் மட்டுமே இரண்டு பேர். யாரும் இடமில்லை என்று வாய் திறக்கவில்லை.

சேரன்மகாதேவியில் ஆறு தெரிந்ததும், "அத்தான், வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றார் சங்கரன். விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார். ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் வாய் கொப்பளித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"அம்பத்தேழு வயசுல காப்பியப் பத்தி மொதப் பொய் சொல்லிருக்கேன். கல்யாணப் பந்தியில நம்ம கடைத் தூளுதான்னு பேசி வையுங்க அத்தான்... இல்லன்னா அன்னைக்கு மைக்கப் பிடிச்சி உண்மையச் சொல்லிருவேன்."