எடை போடும் நாள்

சைக்கிள் கடை மாடியில் இருக்கும் டுட்டோரியலில் நான் அறிவியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவர்கள், படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் கொட்டாவியோடு வருகிறவர்கள் என்று கலந்துகட்டிய கூட்டம். செரிமான மண்டலம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், இடுப்பில் குழந்தையோடு ஒரு சின்னப் பெண் வாசலில் வந்து நின்றாள். இங்கே படிக்கும் தன் அக்காவைத் தேடி வந்திருக்கிறாள் என்று நினைத்து, "யாரும்மா வேணும்?" என்றேன்.

"நான்தான் சார் சேர வந்தேன். இது என் பொண்ணு. அழ மாட்டா. அழுதான்னா நீங்க நடத்துறது புரியலைன்னு அர்த்தம்."

வகுப்பே சிரித்தது. அந்த வாரமே கடைசி பெஞ்சு மெக்கானிக் அவளுக்குப் 'பட்டாணி' என்று பெயர் வைத்துவிட்டான். உருவம் அப்படி. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "உருண்டு போயிடுவேன், ஜாக்கிரதை" என்றாள்.

அவளுக்கு அப்போது பதினேழு. ஒன்பதாம் வகுப்பு வரை முதல் ஐந்து ரேங்குக்குள் இருந்தவள். அம்மா வீட்டுவேலைக்குப் போகிறவர். வயசுப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவது என்று பயந்து, பதினாறு முடிவதற்குள் டைல்ஸ் ஒட்டும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். பெண்ணைப் பத்திரமாக வைக்க ஒரு பெட்டி வேண்டும், அதற்குப் பெயர் கல்யாணம். அடுத்த வருடமே குழந்தை. ஒல்லிப்பிச்சானாகப் பிறந்தது.

பட்டாணிக்கு ஒரே ஓர் ஆசைதான். பத்தாவது முடித்து, உதவி நர்ஸ் பயிற்சியில் சேர வேண்டும். பாஸ் செய்திருக்க வேண்டும், வயிற்றில் பிள்ளை இருக்கக் கூடாது. பயிற்சிக்கு இந்த இரண்டும்தான் நிபந்தனை. சம்பளம் வரும் என்பதால் மாமியாரும் தலையாட்டியிருந்தார். ஆனால் அவருக்கு ஒரு தனிக் கணக்கு இருந்தது.

"சூட்டோட சூடா இன்னொண்ணையும் பெத்துப் போட்டுடு. ரெண்டும் ஒண்ணா வளர்ந்துடும். அப்புறம் நீ பாட்டுக்குப் படி, வேலைக்குப் போ, எவன் கேக்கப் போறான்?"

புருஷன் என்ன சொல்கிறார் என்று கணக்கு டீச்சர் ஒருமுறை கேட்டார். பட்டாணி யோசித்துப் பதில் சொன்னாள்: "அவரு நல்லவருதான் டீச்சர். நான் எது கேட்டாலும் சரிம்பாரு. அவங்கம்மா எது கேட்டாலும் அதுக்கும் சரிம்பாரு."

அவள் வீட்டு விஷயமாக இனி நான் சொல்வதெல்லாம் கணக்கு டீச்சர் சொல்லி எனக்குத் தெரிந்தது. இதையெல்லாம் ஒரு பெண் என்னிடம் சொல்வாளா?

அவர்கள் வீடு ஒற்றை அறை. மாமியார் தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். துணி மடித்து மடித்துப் பழகிய கை, வீட்டிலும் எதையும் எடுத்து உதறி மடிக்காமல் விடாது. அந்த வீட்டில் ஒரு மாத்திரை அட்டையை ஒளித்துவைக்க இடமில்லை. பட்டாணி வெளியே போக இரண்டு காரணங்கள்தான் அனுமதி. ஒன்று டுட்டோரியல், அது சாயங்காலம், சுகாதார நிலையம் பூட்டிய பிறகு. மற்றொன்று, மாதம் ஒருமுறை குழந்தையை அங்கே எடை போடக் கொண்டுபோவது. காலை நேரம் இஸ்திரிக் கடையில் கூட்டம் அதிகம் என்பதால் அன்று மட்டும் மாமியார் கூட வரமாட்டார்.

அந்த ஒரு காலைப் பொழுதில்தான் அவள் தன் வாழ்க்கையை வைத்திருந்தாள். பிள்ளையைத் தராசில் போட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் போய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கர்ப்பத்தடை ஊசி போட்டுக்கொண்டு வருவாள். "வீட்ல தெரிய வேணாம்க்கா" என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸும் நல்ல மனுஷி. மூச்சுவிடவில்லை.

அந்த நல்ல மனுஷிக்குத்தான் ஒரு நல்ல யோசனை வந்தது. தாய்மார்கள் வெயிலில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏன் நடக்க வேண்டும்? நாமே தெருவுக்குப் போவோமே. மேலிடம் கைதட்டியது. அடுத்த மாதம் வேன் வந்து இஸ்திரிக் கடைக்கு எதிரே நின்றது. மரக்கிளையில் தொங்குதராசைக் கட்டினார்கள்.

மாமியாருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாடி, ஆபீஸே நம்ம வாசலுக்கு வந்துடுச்சு!" என்று பேத்தியைப் பிடுங்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடினார். அது அவளுக்கு ஊசி போட வேண்டிய மாதம். பட்டாணி பின்னாலேயே போய் நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். நர்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. நடுத்தெருவில் ஊசி போட முடியாது, வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

"நீ ஒரு நடை சென்டருக்கு வந்துட்டுப் போம்மா."

"எதுக்கு? அதான் எடை போட்டாச்சே" என்றார் மாமியார்.

"இல்ல... சத்து மாத்திரை..."

"இங்கேயே குடுங்க. வேன் நிறைய வச்சிருக்கீங்கல்ல?"

கொடுத்தார்கள். மாமியார் எண்ணி வாங்கிக்கொண்டார்.

பட்டாணி சும்மா இருக்கவில்லை. குழந்தைக்குச் சளி என்றாள். மாமியார் கைவைத்தியம் பார்த்தார். தனக்கு வயிற்றுவலி என்றாள். புருஷனே வேலையிலிருந்து வரும்போது மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வந்தார், பாவம், கரிசனமாக. அவரிடமே ஒரு நாள் விஷயத்தைச் சொன்னாள். சரி என்றார். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ" என்றார்.

பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது அவள் வகுப்பிலிருந்து எழுந்து ஓடி, படிக்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். மெக்கானிக், "சார் நடத்தினது பட்டாணிக்கே செரிக்கலை" என்றான். யாரும் சிரிக்கவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னம்மா ஆச்சு?"

"இனப்பெருக்கம் பாடம் சார். எனக்கு நல்லா வரும்" என்றாள். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து மாமியார் மிட்டாயோடு வந்தார். நான் வாங்கவில்லை. "இன்னும் பதினெட்டே முடியலைம்மா இவளுக்கு. முதல் பிள்ளையே இப்பதான் நடக்குது. உடம்பு தாங்குமா?" என்றேன்.

"இந்த வயசுல எனக்கு ரெண்டு இருந்துச்சு சார். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சாகவில்லைதான். நிற்க முடியாமல் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, காலையிலிருந்து இருட்டும்வரை அடுத்தவர் சட்டையைத் தேய்க்கிறார். 

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. படித்தால் கரையேறிவிடலாம் என்று முதல் நாள் வகுப்பிலேயே அடித்துச் சொல்வேன். நான் பட்டினி கிடந்து படித்திருக்கிறேன், மூட்டை தூக்கிப் படித்திருக்கிறேன். ஆனால் அத்தனை வருடத்தில் ஒருவர்கூட என் வயிற்றைப் பார்த்து, 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்று கேட்டதில்லை. இப்போது அதே பேச்சைப் பேசும்போது பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்க்காமல் பேசுகிறேன்.

பட்டாணி பரீட்சை எழுதினாள். நான்கு தாள் பாஸ். அறிவியல் தாளன்று காலையில் ரத்தம் குறைந்து மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மறுதேர்வு வந்தபோது நிறைமாதம்.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது. இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவதும் எடை போதவில்லை. மாமியாருக்கு இடுப்பு விட்டுவிட்டதால் இஸ்திரிப் பெட்டியை அவள்தான் பிடிக்கிறாள். ஒரு ஆண்பிள்ளை இருந்தால் தேவலை என்று வீட்டில் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அறிவியல் தாள் இன்னும் பாக்கி இருக்கிறது.