வாறுகாலுக்கு வெளியே நின்ற போர்டு

போர்டு கட்டும் பலவேசத்துக்கு வெகுநாளாக ஒரு மனக்கசப்பு உண்டு. கம்பம் ரோட்டில் ஒரு போர்டு காற்றில் சாய்ந்தால், அதில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவனை யாரும் கேட்பதில்லை. அச்சடித்துக் கொடுத்த கடைக்காரனையும் கேட்பதில்லை. குழி தோண்டி நட்டவன் எவன் என்றுதான் முதலில் கேட்பார்கள். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு காதுகுத்து போர்டு சரிந்து யாரோ ஒருவரின் கார் கண்ணாடி உடைந்தது. அன்றைக்கு ஸ்டேஷன் பெஞ்சில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தது அவன் ஒருவன்தான். அதிலிருந்து, தான் அடிக்கும் எந்தப் போர்டுச் சட்டத்திலும் பேரோ போன் நம்பரோ போட மாட்டான்.

"வேலைய முடிச்சமா, ஏணியத் தூக்குனமா, போனமா" என்பான்.

அப்படிப்பட்டவனைத் தேடி வந்து சந்தனம்மாள் ஒரு காகிதத்தை நீட்டினாள். நகராட்சி நோட்டீஸ். அனுமதி பெறாத விளம்பரப் பலகையை ஏழு நாளுக்குள் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நகராட்சியே எடுத்துவிடும் என்றிருந்தது. பலவேசம் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவன் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும் முன்னே அவள் கேட்டுவிட்டாள்.

"இது எப்டிண்ணே விளம்பரமாகும்? நான் என்ன யாவாரமா பண்றேன்?"

போர்டில் இருந்தது அவள் புருசன் ராக்கையாவின் முகம். மேலே 'காணவில்லை' என்று சிவப்பில் ஒரு வரி. கீழே அவள் போன் நம்பர்.

சந்தனம்மாள் ஜெயமங்கலத்துப் பிள்ளை. வாழ்க்கைப்பட்டு வந்த மறுமாசத்திலிருந்து புருசனும் பெண்சாதியும் ஒரே ஜீப்பில் மலையேறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். நிழல் மரத்தில் ஏறிக் கிளை கவாத்து செய்யும்போது ராக்கையா கீழே விழுந்தார். தலையில் அடி. பிழைத்துக்கொண்டார், ஆனால் பேச்சு குழறியது, வந்த வழி மறந்துபோகும். அவரைத் தனியே விட முடியாது என்று அவள் மலைக்குப் போவதை விட்டுவிட்டு, உள்ளூரிலேயே ஏலக்காய் ரகம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். நாலு வருசத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், பழைய நினைப்பில் அவர் ஏதோ ஒரு ஜீப்பில் ஏறிவிட்டார். குமுளியில் டீ குடிக்க இறங்கியவர் திரும்ப ஏறவில்லை.

போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. மலைக்குப் போகிற ஜீப்புகள் அவள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் போர்டு வைத்தாள். தினமும் பார்த்துப் பார்த்து ராக்கையா ஜீப்புக்காரர்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். வருசத்துக்கு இரண்டு மூன்று போன் வரும். "இங்கன ஒருத்தரு இருக்காக, வந்து பாருங்க" என்பார்கள். போட்டது போட்டபடி ஓடுவாள். ஆள் வேறாக இருக்கும். அந்த ஆளுக்கு இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். குளிக்கும்போதுகூட போன் பிளாஸ்டிக் பைக்குள் குளியலறைச் சுவரில் இருக்கும்.

நோட்டீஸ் வருவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு பெண் பேசினாள். கட்டப்பனைப் பக்கம் ஒரு கோயிலில் சாப்பாட்டு வரிசையில் 'போர்டு ஆளு' மாதிரியே ஒருவரைப் பார்த்தாளாம். அடுத்தமுறை போனால் பேரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. சந்தனம்மாள் அந்த நம்பருக்குத் திரும்பப் போட்டால் எடுத்தது ஒரு ஆம்பளை. ஜீப்பில் யாரோ ஒரு பிள்ளை அவசரம் என்று போனை வாங்கிப் பேசியதாம். யார் என்று அவனுக்குத் தெரியாது.

"அந்தப் பிள்ள நாளைக்கு இந்த வழியா வருதுன்னு வைங்க. போர்டு இல்லேன்னா, ஆளு கெடச்சிட்டாகன்னுல நெனச்சுக்கிரும்" என்றாள் சந்தனம்மாள்.

நோட்டீஸ் வந்த காரணம் அவளுக்குத் தெரியாது, பலவேசத்துக்குத் தெரியும். காம்பவுண்டுக்குள் நட்டால் தென்னை மறைக்கிறது என்று, சாக்கடைத் தண்ணீர் ஓடும் வாறுகாலுக்கு வெளியே ரோட்டு இடத்தில் சட்டத்தை நட்டது அவன். "உள்ளயே நடுங்கண்ணே" என்று அவள் அன்றைக்கே சொன்னாள். "ஒனக்கு ஒண்ணுந் தெரியாது, சும்மா இரு" என்று அதட்டிவிட்டு நட்டான். எங்கே போனாலும் அப்படித்தான் நடுவான். போர்டு தெரியாவிட்டால் கட்டியவனுக்கு என்ன பேர்?

மறுநாள் இருவரும் நகராட்சி ஆபீசுக்குப் போனார்கள். அங்கே அஜய்குமார் என்ற கிளார்க், வயசு முப்பதுக்குள் இருக்கும், ஃபைலில் இருந்த போர்டின் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ரோட்டுல நட்டது யாரு?"

பலவேசத்துக்கு அந்தப் பழைய பெஞ்சு ஞாபகம் வந்தது. பக்கத்தில் சந்தனம்மாள், தான்தான் தப்புச் செய்தவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"நாந்தேன். அந்தம்மா உள்ள நடச் சொல்லுச்சு. நாந்தேன் கேக்கல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அஜய்குமார் பேனாவை மூடினான். "ரோட்டு எடம்ணே அது. அனுமதி வாங்குனாலும் சில நாளைக்குத்தேன். நாலு வருசமா நிக்கிற போர்டுக்கு நான் என்னன்னு எழுத? காணாமப் போனதுக்குன்னு இந்த ஃபாரத்துல கட்டமே இல்ல."

"எங்க வீட்டுச் சுவத்துல எங்க வீட்டுக்காரரு பேர எழுதிக்கிறலாமாய்யா?" என்றாள் சந்தனம்மாள்.

"பேரு, போன் நம்பரு போட்டு சின்னதா ஒரு பலகைன்னா யாரும் கேக்க மாட்டாகம்மா. சுவரோட ஒட்டியிருக்கணும், தெருப்பக்கம் நீட்டக் கூடாது. அந்தப் போர்டு மட்டும் நாள் தாண்டாமப் பாத்துக்கங்க. எங்காளுக வந்தா கம்பியவும் சேத்து ஏத்திட்டுப் போயிருவாக."

ஆறாம் நாள் பலவேசம் ஒரு தகரப் பலகை அடித்து, தென்னை மறைக்காத உயரத்தில் மாடிச் சுவரோடு ஒட்டி மாட்டினான். 'ராக்கையா வீடு', அதன் கீழே நம்பர். அவள் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"முகத்தத்தேன் எல்லாருக்குந் தெரியும். பேரு யாருக்குண்ணே தெரியும்?"

பலவேசம் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

ஏழாம் நாள் விடியலில் சட்டத்தை அறுத்தான். ஃபிளெக்ஸைச் சுருட்டப் போனான், அவள் விடவில்லை. ஒரு ஓரத்தை அவள் பிடித்துக்கொண்டு, மறு ஓரத்தை அவனைப் பிடிக்கச் சொன்னாள். ரோட்டோரம் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு ஜீப்பு வரும்போதும் மாடிச் சுவரைக் கையால் காட்டினாள். பலவேசத்துக்கு மானம் போயிற்று. ஒரு டிரைவர் தலையை நீட்டி, "என்ன மாமா, எந்தச் சின்னத்துல நிக்கிறீக?" என்றான்.

"ஏலே, ரோட்டப் பாத்து ஓட்டு" என்று உறுமினான் பலவேசம். ஆனால் பிடியை விடவில்லை.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் விடியலிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கையில் ஒரு ஜீப்பு தாண்டிப் போய்த் தள்ளி நின்றது. ஒரு இளம்பெண் இறங்கி ஓடிவந்தாள்.

"அக்கா, அன்னைக்கிப் போன்ல பேசுனது நாந்தேன். முந்தாநாள் சாயங்காலம் திரும்பி வாரப்ப போர்டக் காணோம். கெடச்சிட்டாகன்னு நெனச்சு விட்டுட்டேன்."

"அவுக இருக்காகளா?"

"இருக்காக. பேரக் கேட்டா பதில் வரல. 'ஜீப்பு போயிருச்சா, ஜீப்பு போயிருச்சா'ன்னுதேன் கேக்குறாக."

சந்தனம்மாள் கையிலிருந்த ஓரம் தரையில் விழுந்தது. உள்ளே போய் ராக்கையாவின் சட்டை ஒன்றை மஞ்சப்பையில் திணித்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து அதே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்தாள். வண்டி உறுமியது. அவள் முகம் மட்டும் தெளியவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, மேல டவரு கெடைக்காது. அங்கன இருக்கது அவுக இல்லேன்னா? நான் போயிருக்கையில வேற யாரும் கூப்ட்டா எடுக்க ஆளில்லையே. அந்தப் பலகையில என் நம்பருக்குக் கீழ உங்க நம்பரையும் எழுதிருங்கண்ணே."