ஓட்டை இல்லாத பெட்டி

உட்காரச் சொன்னாலும் மிஷின் அக்கா உடனே உட்காரமாட்டார். முதலில் மேசையைத் தட்டிப் பார்க்க வேண்டும். நடுவிரலை மடக்கி டொக் டொக்கென்று இரண்டு தட்டு, தலையைச் சாய்த்து ஒரு கவனிப்பு. அடுத்தது அலமாரிக் கதவு. "உள்ள காலியா இருக்கும்மா. பலகைன்னு சொல்லி உனக்கு அட்டைய வித்துட்டான்" என்று பக்கத்து வீட்டு நர்ஸின் புது அலமாரியின் மானத்தை வாங்கிவிட்டுத்தான் தேநீருக்குக் கை நீட்டுவார். அலமாரி வாங்கிய சந்தோஷம் நர்ஸுக்கு அன்றோடு போயிற்று.

தையல் இயந்திரம் பழுதுபார்ப்பது அக்காவின் தொழில். தலைமுடியில்கூட எண்ணெய் வாசம் அடிக்கும். வேலை நடக்கும்போது உதட்டில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டிருப்பதால் எல்லாப் பதிலும் "ம்" தான். சரி என்பதற்கு ஒரு "ம்", போய்த் தொலை என்பதற்கு இன்னொன்று. வாய் காலியானதும் இயந்திரத்தோடு பேச்சு ஆரம்பமாகும்: "என்னடி, நேத்து நல்லாத்தானே ஓடின? யாரு உன்ன என்ன சொன்னா?"

நர்ஸ் 'அண்ணன்' என்று கூப்பிடும் அவர் கணவருக்கு அச்சகத்தில் வேலை. இரைச்சலிலேயே காலம் தள்ளியவர். ஓய்வு பெறுவதற்குள் காதுகள் பாதி போய்விட்டன. மெல்லிய, கீச்சென்ற ஓசை எதுவும் எட்டாது. கனத்த ஓசை மட்டும் கொஞ்சம் உள்ளே போகும். காதில் மாட்டும் கருவி பேச்சுக்கு உதவியது. "பாட்டக் கேட்டா தகர டப்பாவ உருட்டுற மாதிரி இருக்கு" என்று அதைக் கழற்றி வைத்துவிடுவார். ஒரு காலத்தில் சோறு வரும்வரை தட்டில் தாளம், பேருந்துக்கு நின்றால் கம்பியில் தாளம் என்று விரல் சும்மா இராத மனிதர். "கச்சேரிய நிறுத்துறீங்களா?" என்று அக்காவே அதட்டியிருக்கிறார். இப்போது நிறுத்திவிட்டார். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

கடையிலிருந்து பெரிய ஒலிபெருக்கி ஜோடி ஒன்று வந்தது. அண்ணன் முகம் மலர்ந்தது உண்மை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர். இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டுப் பகலில் படுக்கும் நர்ஸுக்குக் கட்டிலோடு சேர்ந்து பல்லும் அதிர்ந்தது. தூங்காத கண்ணோடு வேலைக்குப் போய், ஒரு நோயாளியின் மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்க இருந்தாள். கடைசி நொடியில்தான் சுதாரித்தாள். மறுநாள் வந்து, "அக்கா, கோவிச்சுக்காதீங்க, நான் வேற வீடு பாத்துக்கிறேன்" என்றாள். அன்றே ஒலிபெருக்கி கடைக்குத் திரும்பிப் போனது. "பரவால்ல, விடு" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதை நர்ஸ் பார்த்தாள். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

அக்கா அசரவில்லை. நாமே செய்தால் என்ன என்று ஆரம்பித்தார். அலமாரியில் புத்தகத்தோடு புத்தகமாக உட்காரும் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி. அதற்கு மூன்று வரைபடங்களை இணையத்திலிருந்து எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டினார். தோசைக்கரண்டியும் கையுமாக அவற்றையே முறைத்துக்கொண்டு நிற்பார். அளவுக்கு அட்டையில் செய்து அலமாரியில் வைத்து, கிட்டே வந்து பார்ப்பார், எட்டப் போய்ப் பார்ப்பார். "நான் பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ இவ்வளவு யோசிக்கல" என்றார் அண்ணன். "அப்ப யோசிச்சிருக்கணும்" என்றார் அக்கா, காதருகே குனிந்து, சத்தமாக.

முதல் வரைபடத்தில் பெட்டியின் முதுகில் ஓட்டை. செய்து பார்த்தவர்கள் ஆகா ஓகோ என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவதில் ஓட்டை முன்பக்கம். இரண்டிலும் கனத்த ஓசை ஓட்டை வழியாகவும் பொங்கி வரும். அண்ணனுக்கு வேண்டியது அதுதான். சுவர் தாண்டுவதும் அதுதான். மூன்றாவது நாலு பக்கமும் அடைத்த பெட்டி. ஓசை கொஞ்சம் அடங்கித்தான் வரும்.

"முதல் பெட்டியே செய்ங்கக்கா, நான் காதுல பஞ்சு வச்சுக்கிறேன்" என்றாள் நர்ஸ், குற்ற உணர்ச்சியில்.

"ஏம்மா, ஒருத்தர் காது அடைஞ்சது போதாதா? உன் காதையும் நான் அடைக்கணுமா?" அக்கா மூன்றாவது வரைபடத்தைச் சுவரிலிருந்து உரித்தார். "ஓட்டை வச்ச பெட்டி ஊருக்கே பாடும். இது அவருக்கு மட்டும் பாடினாப் போதும்."

அப்புறம் நடந்ததையெல்லாம் பார்த்து நர்ஸுக்கு மலைப்பு. பலகைக் கடையில் அக்கா தட்டாத பலகை இல்லை; கடைக்காரர் கும்பிடாத குறையாக வழியனுப்பினார். இரண்டிரண்டு பலகையை ஒட்டிச் சுவர் கனக்கச் செய்தார். உள்ளே பஞ்சு அடைத்தார். தையல் இயந்திரத்தின் காலுக்குப் போடும் ரப்பரை அடியில் வைத்தார். அலமாரியையே பொதுச் சுவரிலிருந்து பெயர்த்து எதிர்ப்பக்கம் தள்ளி, அண்ணனின் நாற்காலியைப் பொதுச் சுவரோரம் கொண்டுவந்து, பெட்டிகளை அவர் முகத்துக்கு நேராக, கைக்கெட்டும் தூரத்துக்கு இழுத்து வைத்தார். அந்த அறை அவ்வளவு சின்னது. ஒரு மனுஷிக்கு இத்தனை பொறுமையை யார் கொடுத்தது? நர்ஸுக்கு விளங்கவேயில்லை.

பாட்டுப் போட்ட அன்று நடுப்பகல். அண்ணன் தலையசைக்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்துவிட்டு, அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்தார். "நீ படு, நீ படு, எப்பவும் போல படு" என்று நர்ஸைக் கட்டிலில் தள்ளிவிட்டுச் சுவரில் காதை ஒட்டினார்.

ஒன்றுமில்லை. நர்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சுவர் சுவராகவே இருந்தது.

டொக். டொக்டொக்... டொக்.

அக்காவின் முகம் வெளுத்தது. "போச்சு. ஏதோ ஆணி லூசாயிடுச்சு."

"இல்லக்கா." நர்ஸ் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "பெட்டி இல்ல. அண்ணன் விரல்."

டொக்டொக், டொக். பாட்டு இந்தப் பக்கம் வரவில்லை. தாளம் மட்டும் வந்தது.

"கச்சேரிய ஆரம்பிச்சுட்டாரு. உன் தூக்கம் கெட்டுச்சு போ." சுவரைத் தட்டி அதட்டுவதற்காக அக்கா வழக்கம்போல நடுவிரலை மடக்கிக்கொண்டு கையை ஓங்கினார். விரல் சுவரைத் தொடவில்லை. அப்படியே நின்றது. பிறகு மெதுவாகக் கையை விரித்து, தாளம் வந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.