போஞ்சிக்கு முன்னால் சோளம்

"ஒங்க பள்ளிக்கூடத்துல கம்பு மொளைக்க வைக்கச் சொல்லித் தர்றாங்களா?" தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னாலிருந்த எங்கள் காய்கறிப் பாத்தியில் மண்வெட்டியை ஊன்றி நின்றபடி அக்கா கேட்டாள். அவரை போலப் படரும் கொடிப் போஞ்சி ஏறுவதற்குக் கம்பு வேண்டும். தோட்டத்து மரத்தில் ஒரு கிளை வெட்டியதற்காக காவல் பார்க்கும் வாச்சர் அவளை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் ஏசியிருந்தார். சோளத்தையும் போஞ்சியையும் சேர்த்து விதைத்தால் கம்பே வேண்டாம், கொடி சோளத்தில் ஏறிக்கொள்ளும், போஞ்சியின் வேர் மண்ணுக்கும் நல்லது என்று விவசாயப் பாடத்தில் படித்ததை நான் பெருமையோடு சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

எங்கள் வீட்டில் படிப்பை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அம்மாவின் கால் வீங்கி மலை ஏற முடியாமல் போனபோது அக்கா பள்ளியை விட்டுக் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டாள்.

கேலி செய்தாலும் நான் சொன்னபடியே விதைத்தாள். ஒரே நாளில், ஒரே குழியில் இரண்டையும். நோர்வூட் மலைக் குளிரில் சோளம் மெல்ல மெல்லத்தான் எழும்பியது. போஞ்சி அதற்குள் ஓடி வந்து அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. பெருங்காற்றும் மழையுமாக இருந்த ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி முழுவதும் படுத்துக் கிடந்தது. பீலி ஊற்றில் தண்ணீர் எடுக்க வந்த, பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அத்தை, "இனிமே சோளத்துக்குத்தான் கம்பு நடணும் போலருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது.

அக்கா, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற பழைய படங்கைக் கொண்டுவந்து நீளநீளமாகக் கிழித்தாள். விழுந்த தண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டி நிமிர்த்தினாள். மழைத்தண்ணீர் அவள் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அடுத்த தடவ சோளத்த முன்னாடி போடுவோம். அது நிமிந்து நின்னதும் போஞ்சியப் போடலாம்."

அடுத்த தடவை வரவில்லை. நான் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கிய மாதம் அவள் வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். நான் ஆசிரியையாகி இதே தோட்டத்துப் பள்ளிக்கு வந்தபோதும் அவள் அங்கேதான் இருந்தாள். என் முதல் நாள் சேலையைப் போனில்தான் பார்த்தாள். மடிப்பு சரியில்லை என்றாள். சரிசெய்ய அவள் கை பக்கத்தில் இல்லை. இன்றும் எங்காவது துணி கிழியும் சத்தம் கேட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

அடுத்த மாதம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கும்படி அந்த வீட்டம்மா கேட்கிறாராம்.

"வந்து நான் என்ன செய்யிறது? மறுபடி கூடையா?" என்றாள் போனில்.

"நம்ம பாத்தியில சோளம் போட்டிருக்கேன்க்கா. சோளம் மட்டுந்தான்."

மெதுவாகக் கேட்டாள்: "எவ்வளவு ஒசரம்?"

"முழங்காலுக்கு வந்துருச்சு."

"காத்துக்கு நிக்குமா?"

"நிக்கும். நீ வா."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. இன்று காலை பள்ளிக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு சோளத்தின் அடியிலும் மண்ணைக் கொத்தி, சாணி போட்டு, சின்னக் குழி எடுத்துவிட்டேன். போஞ்சி விதை மட்டும் போடவில்லை.