முதலில் வந்த பிள்ளை

சுல்பிகாவுக்குப் பொய் சொல்ல வராது என்று சாய்ந்தமருதில் அவளைத் தெரிந்த எவரும் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. நெடுங்காலம் வாயால் அவள் ஒரு பொய்யும் சொன்னதில்லை. ஒரு பதிவுப் புத்தகத்தில் இரண்டு பெயர்களை மேல் கீழாக மாற்றி எழுதினாள், அவ்வளவுதான். அந்த இரண்டு வரி இரண்டு வருடமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

பாலர் பாடசாலையில் பன்னிரண்டு வருடம் படிப்பித்தவள் அவள். பிள்ளைகள் அவளிடம் ஒட்டிக்கொள்வார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் கல்முனையைச் சேர்ந்த மனநல டொக்டர் அன்ரனீற்றா தன்னுடைய ஆய்வில் பிள்ளைகளை வரவேற்றுப் பதிய அவளைக் கூப்பிட்டுக்கொண்டார். கல்முனையில் ஒரு வாடகை வீடு. உள்ளே ஒரு சிறிய அறை, அதில் களிமண், பொம்மைகள், கடதாசி, வர்ணப் பென்சில்கள். மனம் உடைந்த பிள்ளை வாரம் ஒரு நாள் அங்கே வரும். அதே நாள், அதே நேரம், உள்ளே அதே டொக்டர். பிள்ளை விளையாடலாம், வரையலாம், கதைக்கலாம், சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். பிள்ளை எதற்குப் பயப்படுகிறது, யார் மேலுள்ள கோபத்தை யாரில் காட்டுகிறது என்பது அந்தப் பிள்ளைக்கே விளங்கும் வரை ஒருவர் பொறுமையாகக் கூட இருப்பதுதான் வைத்தியம். இருபத்துநாலு வாரம்.

இது உண்மையில் பலன் தருமா என்று பார்ப்பதுதான் ஆய்வு. வெளிநாடுகளில் இதைப் பற்றி ஆய்வுகள் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு, பெரும்பாலும் சிறியவை என்று டொக்டர் சொல்லியிருந்தார். சிலவற்றில் ஒரு புதுமையும் தெரிந்ததாம். பலன் மெதுவாகத்தான் வருமாம், வைத்தியம் முடிந்த பிறகும் வளர்ந்துகொண்டு போகுமாம். நம்முடைய கடற்கரைப் பிள்ளைகளில் யாரும் பார்த்ததில்லை. பார்க்காமல் நல்லது என்று சொல்லித் திரிந்தால் அதற்கும் தாயத்துக்கும் வித்தியாசமில்லை என்பது டொக்டரின் கட்சி.

நாற்பது பிள்ளைகள். பாதிப் பேருக்கு உடனே வைத்தியம், மற்றப் பாதிக்கு ஆறு மாதம் பொறுத்து. காலம் போனாலே சில பிள்ளைகள் சுகமாகிவிடுவதால், காத்திருப்பவர்களோடு ஒப்பிட்டால்தான் வைத்தியத்தின் பலன் தெரியும். யாருக்கு எது என்பதைக் கவர்தான் தீர்மானிக்கும். ஒட்டப்பட்ட நாற்பது கவர்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். உள்ளே மஞ்சள் அட்டை இருந்தால் உடனே, பச்சை என்றால் பிறகு. வந்த ஒழுங்கில் பெயரை எழுதி, அடுத்த கவரை உடைக்க வேண்டும். இதைப் பழக்கிய அன்று டொக்டர் சொன்னது சுல்பிகாவின் காதில் இன்னும் இருக்கிறது.

"கள்ளர்ர கைக்குப் பயந்து இந்தக் கவர் வைக்கல்ல சுல்பிகா. நல்ல மனிசர்ர இரக்கத்துக்குப் பயந்துதான் வெச்சிருக்கம்."

அவள் தலையாட்டினாள். நம்பி ஒப்படைத்ததைக் காக்கிற அமானிதம் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தாள்.

மார்கழி மாதத்து வியாழக்கிழமை ஒன்று. விடிந்ததிலிருந்து மழை. மருதமுனையிலிருந்து பஸ்ஸில் ஒரு தாய் தன் மகளோடு எட்டரைக்கே வந்து முதலாவது கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளின் பெயர் ஸப்னா, பதினான்கு வயது. தகப்பன் போன வருடம் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதற்குப் பிறகு பிள்ளை வீட்டுக்கு வெளியே ஒரு சொல்லும் கதைப்பதில்லை. பாடசாலையில் பெயர் கூப்பிட்டாலும் வாய் திறக்காது. தாயின் அபாயா விளிம்பில் சொட்டிய தண்ணீரைப் பார்த்தபடி அது இருந்தது.

சுல்பிகா புத்தகத்தைத் திறக்கும் நேரம் பார்த்து ஜெமீலா வந்து சேர்ந்தாள். அவளுடைய மகள் ஸஹ்றா ஓ.எல். சோதனை என்றாலே சோறு தின்னாமல், நித்திரையில்லாமல் நடுங்குகிற பிள்ளை. ஜெமீலாவும் சுல்பிகாவும் ஒரே குடி, தாய்வழியில் சொந்தம். சுல்பிகாவின் உம்மா மௌத்தானபோது குளிப்பாட்டியதிலிருந்து நாற்பதாம் நாள் கத்தம் ஓதியது வரைக்கும் வீட்டைத் தாங்கியவள் இந்த ஜெமீலாதான். கல்யாணமோ மௌத்தோ, எங்கள் பக்கத்தில் குடி ஆட்கள்தான் முன்னுக்கு நிற்பார்கள். நின்றவர்களை முன்னுக்கு வைப்பதும் அப்படியே இரத்தத்தில் ஊறிய பழக்கம். வரிசை என்பதெல்லாம் அந்நியருக்குத்தான்.

யன்னலோரம் இருந்த மேசையில் சாரல் அடித்து, அடுத்து உடைக்க மேலே இருந்த கவர் நனைந்திருந்தது. சுல்பிகா அதைத் துடைக்கத்தான் எடுத்தாள். நனைந்த கடதாசிக்கு உள்ளால் மஞ்சள் தெரிந்தது.

டொக்டரைக் கூப்பிட்டு, கவர் நனைந்துவிட்டது, உள்ளே தெரிகிறது என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் வாசலில் நின்ற ஜெமீலா, அக்காவைக் கூப்பிடுகிற முறையில், "தாத்தா, எப்படியாவது பாருங்க தாத்தா" என்று மெல்லச் சொன்னாள். சுல்பிகா புத்தகத்தில் முதல் வரியில் ஸஹ்றாவின் பெயரை எழுதி எட்டு இருபது என்று நேரத்தைப் போட்டாள். அடுத்த கவரிலும் மஞ்சள் இருக்கலாம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். அடுத்த கவரில் பச்சை இருந்தது. ஸப்னாவின் தாய், இங்கே ஒழுங்கு இப்படியாக்கும் என்று நினைத்து, ஆறு மாதம்தானே, அல்லாஹ் இருக்கான் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

அதன் பிறகு நடந்ததுதான் சுல்பிகாவுக்குச் செருப்படி. ஸஹ்றா நாலே நாலு வாரம் வந்தாள். பிள்ளையைப் பைத்தியத்துக்குக் காட்டுறதாம் என்று யாரோ கதைத்தது ஜெமீலாவின் காதில் விழ, நாளைக்குக் கலியாணப் பேச்சு வரவேண்டிய பிள்ளை என்று அவள் நிறுத்திவிட்டாள். மஞ்சள் அட்டை வீணாய்ப் போனது. ஸப்னாவின் தாயோ மாதாமாதம் பஸ் ஏறி வந்து, எங்கட முறை வந்திட்டா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஐந்தாவது மாதம் வந்தபோது, பிள்ளை பாடசாலைக்கே போவதில்லை, பெயரை வெட்டிவிட்டார்கள் என்றாள். சுல்பிகா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். தன் வீட்டுக்குப் போய் லுஹர் தொழுகையில் நின்றபோது, எத்தனை றக்அத் தொழுதோம் என்பதே நினைவில்லை.

படைத்தவனுக்குச் செய்த குற்றத்தை அவனிடம் அழுது கேட்கலாம். ஒரு அடியானுக்குச் செய்த குற்றத்தை அந்த அடியான்தான் மன்னித்துப் பொருந்திக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் படித்த பாடம் இது. ஆனால் பயம் பெரிதாயிருந்தது. வேலை போகும், ஊர் சிரிக்கும், டொக்டரின் ஆய்வு கெடும். இப்படிக் காரணங்களை அடுக்கி அடுக்கி இரண்டு வருடத்தை ஓட்டினாள். புருஷன் றஸாக் ஒரு நாள், என்ன சுகமில்லையா என்று கேட்டதற்குப் பல்வலி என்றாள். வாயால் சொன்ன முதல் பொய் அதுதான்.

ஆறு மாதம் கழிய ஸப்னாவுக்கு முறை வந்தது. இருபத்துநாலு வாரமும் தவறாமல் வந்தாள். உள்ளே என்ன நடந்தது என்பது டொக்டருக்கும் அவளுக்கும்தான் தெரியும். வெளியே அவள் கடைசி வாரம் வரை ஒரு சொல்லும் கதைக்கவில்லை. போகும்போது தலையை மட்டும் ஆட்டினாள். வைத்தியம் அந்தப் பிள்ளையில் பிடிக்கவில்லை என்று சுல்பிகா முடிவு கட்டினாள். காலம் பிந்தியதற்குத் தானே காரணம் என்றும் சேர்த்து முடிவு கட்டினாள்.

வைத்தியம் முடிந்து ஒரு வருடம் கழித்து வீடுவீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புவது அவளுடைய வேலை. மருதமுனைக்கு அவள் கடைசியாகத்தான் போனாள், தள்ளிப்போட முடியாத நாளில். கதவைத் திறந்தது ஸப்னா. வளர்ந்திருந்தாள்.

"வாங்க. உள்ளுக்கு வாங்க" என்றாள்.

சுல்பிகா அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. தாய் சிரித்துக்கொண்டே, ஏழெட்டு மாதமாக இப்படித்தான், இப்ப வாய் மூடுறதே இல்ல, வெளியால இருந்து ஓ.எல். எடுக்கப் போறா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். சுல்பிகாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அந்தச் சந்தோஷத்துக்குத் தனக்கு உரிமையில்லை என்பதும் கூடவே உறைத்தது.

கேள்விகளுக்கு ஸப்னா தெளிவாகப் பதில் சொன்னாள். நித்திரை நல்லம், பயம் குறைவு, சிநேகிதிகள் இரண்டு பேர். கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது: அங்கு வந்த நாட்களில் உனக்குப் பிடிக்காதது எது? பிள்ளை சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது விதி.

ஸப்னா சுல்பிகாவின் பேனையைப் பார்த்தாள்.

"முதல் நாள். அண்டைக்கு நாங்கதான் முதல் வந்த. நீங்க பொறகு வந்தவங்கட பேரத்தான் முதல் எழுதின. நான் பாத்துக்கிட்டிருந்த. நான் கதைக்காத புள்ள, அதான் பின்னுக்குத் தள்ளிட்டாங்க எண்டு அந்த ஆறு மாசமும் நினைச்ச."

பிள்ளையின் முறையைப் பறித்தோம், பாடசாலையைப் பறித்தோம் என்றெல்லாம் சுல்பிகா கணக்குப் பார்த்திருக்கிறாள். இந்த ஒன்று அவள் மனதில் பட்டதேயில்லை.

"இல்ல மகள். அவ என்ட குடி ஆள். அதுக்காக நான்தான் மாத்தின" என்றாள். "என்னப் பொருந்திக்கங்க."

ஸப்னா பொருந்திக்கொண்டேன் என்று சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை.

"முதல் அத எழுதுங்க" என்றாள்.

சுல்பிகா எழுதினாள். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதி, அதற்குக் கீழே, இது உண்மை, கவர் நனைந்து உள்ளே தெரிந்தது, நேரத்தையும் ஒழுங்கையும் நான்தான் மாற்றினேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். ஸப்னா எட்டிப் பார்த்து வாசித்தாள்.

அடுத்த நாள் காலை அந்தத் தாளை டொக்டரின் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். நாற்பது பேரில் இரண்டு பேரின் முடிவு கெட்டது. அதை மறைக்காமல் ஆய்வில் எழுத வேண்டும், மற்ற முப்பத்தெட்டுப் பேரின் பதிவையும் திரும்பப் பார்க்க வேண்டும். வேலை போகும் என்று முந்தின இரவே றஸாக்கிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். டொக்டர் அன்ரனீற்றா இரண்டு தரம் வாசித்தார். அவருடைய முகம் இறுகியது. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டுவார் என்று சுல்பிகா காத்திருந்தாள்.

"இத ஸப்னா எழுதித் தந்ததா, வாயால சொன்னதா?"

"வாயாலதான் டொக்டர். என்ட முகத்தப் பாத்துச் சொன்ன."

டொக்டர் பேனையை எடுத்தார். ஸப்னாவின் தாளில், வைத்தியம் முடிந்த பிறகு தெரிந்த பலன் என்ற கட்டத்துக்கு எதிரே அன்றைய திகதியைப் போட்டார். பதிவுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். சுல்பிகா தன்னிடமிருந்த திறப்பால் அலுமாரியைத் திறந்து அதை எடுத்து, அந்த வியாழக்கிழமைப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள். திறப்பையும் ஒப்படைப்பதாக அதன் மேல் வைத்தாள்.