‘அவர்கள்’ போட்டுக் கூப்பிடு

கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலி வேலை என்றால் வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையும் மட்டுமல்ல, தொண்டையும்தான். கத்திப் பிழைக்கிற கண்டக்டர்களே, காய்கறி வியாபாரிகளே, வாத்தியார்களே, நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

எனக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம். எங்கள் கோர்ட்டில் முன்பு இருந்த நீதிபதி ஒருவர், வாதியோ பிரதிவாதியோ குற்றவாளியோ, யாராக இருந்தாலும் பெயரோடு ‘அவர்கள்’ சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிறகு வேலையை உதறிவிட்டுத் தேர்தலில் நின்று அமைச்சரானார். மாதம் ஒருநாள் கோர்ட்டே ஜவ்வாது மலைக்கு ஏறிப்போய் வழக்கு விசாரிக்கும் ஏற்பாட்டைச் செய்தவரும் அவர்தான். இப்போது அவர் இல்லை. உத்தரவு இருக்கிறது, என் தொண்டைக்குள்.

ஆட்டுக்கும் மரியாதை

படவேட்டுக்காரர் ஒருவரின் ஆடு களவு போன வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவரை வழக்கம்போல் மரியாதையாகக் கூப்பிட்டேன். ஆட்டுக்காரருக்கு வந்ததே கோபம்! சாட்சி சொல்ல வந்ததையே மறந்து என்னிடம் சண்டைக்கு நின்றார். “இன்னா சார் இது? ஆட்ட திருடுனவனுக்கு அவர்களா? அப்ப எங்கூட்டு ஆட்டுக்கும் ஒரு அவர்கள் போடுங்க!”

ரத்து செய்ய ஆளில்லை

ஒரு மழைக்காலத்தில் தொண்டை கட்டிப் போனது. இன்றைக்கு மட்டும் ‘அவர்கள்’ இல்லாமல் கூப்பிடட்டுமா என்று ஹெட் கிளார்க்கிடம் கெஞ்சினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “போட்டவரு போய்ட்டாருய்யா. அவரு வந்து ரத்து பண்ற வரைக்கும் கூப்புடு.”

குப்பம்மாள் அவர்கள்

அப்பா விட்டுப்போன சாமை நிலத்தில் பங்கு கேட்டு அண்ணன்மேல் வழக்குப் போட்டிருந்தார் குப்பம்மாள். மலையில் விசாரணை. அவருடைய வக்கீலின் வண்டி பாதிவழியில் பழுதாகி நின்றுவிட்டது. இரண்டு முறை கூப்பிட்டும் குப்பம்மாளைக் காணோம். மூன்றாவது முறையும் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. எதிரே நின்ற அண்ணனின் பார்வை மட்டும் வெளியே பலா மரத்தடிக்குப் போய்ப் போய் வந்தது. அங்கே ஒரு அம்மா, யாருக்கு வந்த விருந்தோ என்று உட்கார்ந்திருந்தார்.

நேரே போய் அந்த அம்மாவின் முகத்துக்கு எதிரே நின்று மூன்றாவது முறை கூப்பிட்டேன். அவர் திரும்பி, தனக்குப் பின்னால் யார் என்று பார்த்தார். “நீங்கதாம்மா!” என்றதும் பதறி எழுந்தார். “ஊர்ல எல்லாம் ஏ குப்புன்னுதான் கூப்புடுவாங்க. யாரோ பெரிய வூட்டு அம்மான்னு இருந்துட்டேங்க.”

கடைசி வாய்தா

அதன்பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் வாயைத் திறக்கும் முன்பே வாசலில் வந்து நிற்பார். ஆனால் முழுதாகக் கூப்பிட்டு முடிக்கும்வரை உள்ளே நுழையமாட்டார். கடைசியில் அவருக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பானது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். குப்பம்மாள் மட்டும் போகாமல் என்னருகே வந்தார். “கேசு முடிஞ்சிச்சி, இனிமே கூப்புட மாட்டீங்க இல்ல? இன்னும் ஒரே ஒரு தபா கூப்புடுங்க சார், எங்கண்ணன் காதுல வுழட்டும்.”

முடிந்த வழக்கில் கூப்பிடலாமா கூடாதா என்று அந்த நீதிபதி ஐயா எதுவும் சொல்லிவிட்டுப் போகாததால், மலைக்கே கேட்கும்படி கூப்பிட்டேன்.