நல்லம்மாளின் கை

தனலெட்சுமி பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகள் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். 1998இல் அங்கே இணைய இணைப்பு வந்தது. மதியம் முதலாளி சாப்பிடப் போனதும் தன் கோட்டோவியங்களை ஸ்கேன் செய்து வலைப்பக்கம் ஒன்றில் ஏற்றத் தொடங்கினாள். எல்லாம் கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் பெண்களின் படங்கள். அவள் அம்மா நல்லம்மாளும் அதே வேலைதான்.

கூட வேலை செய்த வாசு பார்த்துவிட்டான். "பேர் போடு லா. வேற எவனாவது தன்னுதுன்னு சொல்லிக்குவான்."

"சொல்லிக்கட்டும். என் பேர் தெரிஞ்சா அம்மாவுக்கு வேல போயிடும். வீடும் தோட்டத்து வீடுதான்."

மருந்து பட்டு நகங்கள் கருத்து உதிர்ந்த ஒரு கையின் படம் வெளிநாடுவரை பரவியது. யாரோ அதைத் தோட்ட நிர்வாகத்துக்கே அனுப்பிவைத்தார்கள்.

ஒருநாள் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்டத்துக் கணக்கரான கிராணி அந்தப் படத்தோடு வந்து நின்றார். பெண்கள் எல்லாரையும் கையை நீட்டச் சொன்னார். யாருக்குமே நகம் சரியாக இல்லை. ஆனால் படத்தில் சுண்டுவிரல் உள்நோக்கி மடங்கியிருந்தது. நல்லம்மாளின் முன்னால் வந்ததும் அவர் நின்றார்.

"யாரு வரைஞ்சது?"

"தெரியாதுங்க."

நல்லம்மாளின் கையை மகள் தன் மடியில் வைத்து வரைந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நினைவில் இருந்தது. மாதம் முடிவதற்குள் வேலை போனது; வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமான்களை லோரியில் ஏற்றி, சுங்கை வேயில் மகளின் வாடகை அறைக்கு வந்து சேர்ந்தாள்.

தனலெட்சுமி படத்தை அழித்துப் பார்த்தாள். அதற்குள் அது வேறு யார் யாருடைய பக்கங்களிலோ இருந்தது. தன் பெயரை மறைத்தவளுக்கு அம்மாவின் விரலை மறைக்கத் தோன்றவில்லையே என்ற நினைப்பு அவளைச் சாப்பிட விடவில்லை.

"அதான் எல்லாம் போச்சே," என்றாள் நல்லம்மாள். "இனிமேலாவது உன் பேரப் போட்டுக்க."

"மத்தவங்க இன்னும் அங்கதானேம்மா இருக்காங்க. என் பேர் தெரிஞ்சா, என்கூட யாரு பேசினாங்கன்னு தேடுவாங்க."

அடுத்த படத்தில் கைகளே இல்லை, முதுகுகள் மட்டும். அதற்கும் பெயர் போடவில்லை.

மறுநாள் மதியம் அந்தப் பக்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவரும் பெயர் போடவில்லை. ஒரே வரிதான்:

"பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் இன்று எத்தனை மணிக்கு வேலை முடியும்?"

படங்களை எங்கிருந்து ஏற்றுகிறாள் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். தனலெட்சுமி கணினியை அணைத்தாள். முதலாளி திரும்ப இன்னும் நேரமிருந்தது; கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.